புகைக்காத பெண்ணுக்கு மாமன் சீர்

கள்ளக்குறிச்சியில் நற்சுவாச அறக்கட்டளை என்று ஒரு மருத்துவமனை இருக்கிறது. நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டு, பொன் எழுத்தில் வெட்டி வைத்திருப்பார்கள்: ‘புகைத்தால் புற்று. புகைக்காதவர்க்கு இல்லை.’ கீழே, நிறுவனர் டாக்டர் தீனதயாளன் என்று இருக்கும். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். எழுத்துக் கூட்டி அந்தக் கல்லைப் படித்து முடிப்பதற்குள் என் தங்கை மகள் மணிமொழி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்கு நுரையீரலில் புற்று. அவள் புகைத்ததில்லை.

மணிமொழிக்கு இருபத்தேழு வயது. தியாகதுருகத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் யூகேஜி டீச்சர். அப்பன் இல்லாத பெண். காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் எல்லாவற்றுக்கும் தாய்மாமன் சீரோடு அப்பன் வேலையையும் சேர்த்து நானே செய்தேன். அவள் புருஷன் சுபாஷ் மினி லாரி ஓட்டுகிறான். அவனுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. பீடி குடிப்பவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். நான் இருப்பது வடக்கனந்தலில். என் புகை தியாகதுருகம் போய்ச் சேர வேண்டுமென்றால் அது பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

பீடி நல்லது என்று சொல்ல வரவில்லை. என்னோடு கரும்பு வெட்டிய கந்தசாமி பீடியால்தான் போனான். கடைசி மாசம் அவன் நெஞ்சு கரும்பாலை மாதிரி சத்தம் போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கந்தசாமி செய்ததற்கு மணிமொழி ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

அவளுக்கு வந்தது முதலில் வெறும் இருமல். ஊரில் சளி மருந்து கொடுத்தார்கள், பிறகு டிபி மாத்திரை கொடுத்தார்கள். மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் இந்த அறக்கட்டளையில் நெஞ்சுக்குள் ஊசி விட்டு ஒரு துண்டு சதை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

புதன்கிழமை மட்டும் பாண்டிச்சேரியிலிருந்து ஆண்டாள் என்று ஒரு டாக்டரம்மா அங்கே வருவார். படித்தவர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். அந்தம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

“பெரியவரே, இந்த வயசுல புகைக்காத பொண்ணுக்கு வந்தா, பெரும்பாலும் மரபணுவுல ஒரு மாற்றம் இருக்கும். அப்பா அம்மாகிட்டருந்து வந்தது இல்ல. இவ செஞ்ச தப்பும் இல்ல. அந்தச் சதையில தானா ஏற்படுறது. எந்த மாற்றம்னு தெரிஞ்சா, அதுக்குன்னே மாத்திரை இருக்கலாம். எடுத்த துண்டு மெழுகுல பதிச்சு மாடியில அலமாரியில இருக்கு. அத சோதனைக்கு அனுப்பணும். இன்னொரு தடவ குத்தி எடுக்க இவ மூச்சு தாங்காது.”

பாதி நம்பினாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு மெழுகு. அதை மாடியிலிருந்து கீழே கொண்டுவர நாங்கள் பட்டதுதான் இந்தக் கதை.

அந்த மருத்துவமனையில் நுரையீரல் புற்று என்று வந்தவர் எவராக இருந்தாலும் ‘புகை விடுதலைச் சான்றிதழ்’ வாங்க வேண்டும். வாங்கினால்தான் அலமாரி திறக்கும். ஒரு கம்பெனி அவர்களுக்குப் படியளக்கிறது. வருஷத்துக்கு இத்தனை பேர் புகையை விட்டார்கள் என்று காட்டினால்தான் படி. அதற்கு ஏழு வாரப் பயிற்சி. நடத்துவது இசைவாணி என்று ஒரு ஆலோசகர். நல்ல பெண். நல்லவர்களைத்தான் இந்த மாதிரி வேலைக்கு வைப்பார்கள். நாம் கோபப்பட முடியாது.

“ஒரு நாளைக்கு எத்தனை புடிப்பீங்க?” என்று இசைவாணி கேட்டது.

“நான் புடிக்கறது இல்லீங்க.”

இசைவாணிக்குச் சந்தோஷம். “இதுதாங்க முதல் நிலை. மறுப்பு நிலை. எல்லாரும் இங்கதான் ஆரம்பிப்பாங்க.”

“அவ எதையும் ஆரம்பிக்கவே இல்லம்மா” என்றேன் நான்.

“நீங்க குடும்ப மறுப்புங்க. அதுவும் சகஜம்தான்.”

“புடிக்காதவ எத விடறது?”

“அதுக்குத்தானுங்க ஏழு வாரம் வெச்சிருக்கோம்.”

பயிற்சிக்கு வந்தவர்களில் நிஜமாகவே புகைக்கிறவன் ஒருவன் இருந்தான். வேடியப்பன். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவன். பீடியை விட்டே தீர வேண்டும் என்று வாரா வாரம் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்வரிசையில் மணிமொழியை உட்காரவைத்தார்கள், பின்வரிசையில் அவனை. மலைக்காரன் புகைத்தான் என்றால் யாருக்கு அதிர்ச்சி வரும் என்று படம் எடுக்க வந்த ஆள் வெளிப்படையாகவே சொன்னான்.

ஒவ்வொரு வாரமும் நிறுவனர் படத்துக்கு முன்னால் ஆளுக்கொரு சிகரெட்டை உடைத்துப் போட வேண்டும். சிகரெட்டை அறக்கட்டளையே கொடுக்கும். எதிர்க்கடைக்காரன் சொன்னான், இந்தத் தெருவில் பெட்டி பெட்டியாக சிகரெட் வாங்குவது அவர்கள்தானாம். மணிமொழி அதை இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து, நட்டநடுவில் ஒடித்தாள்.

“பாருங்க, பழகின கை” என்றது இசைவாணி.

பின்னாலிருந்து வேடியப்பன் சொன்னான்: “யம்மா, அது சாக்பீஸ் புடிக்கிற கை. சிகரெட்ட இப்பிடி புடிச்சா பத்தாது.” புகைக்கும் முறையை வகுப்பில் கற்பித்ததாக அவனுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

உடைத்த பிறகு உறுதிமொழி. ‘இனிமேல் நான் புகைக்க மாட்டேன்’ என்று நின்றுகொண்டு சொல்ல வேண்டும். நாலாவது வாரம் மணிமொழி ‘இனிமேல்’ என்று சொன்னாள். அதற்கு மேல் மூச்சு இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். சற்றுப் பொறுத்து ‘நான்’ என்றாள்.

இசைவாணி அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டது. மனசுக்குள் இன்னும் ஆசை மிச்சமிருக்கிறது என்று சொல்லி அவளுக்கு மட்டும் ஒரு வாரம் கூட்டிவிட்டார்கள்.

ஆண்டாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நிறுவனருக்கு மூன்று முறை எழுதிக் கேட்டதாகவும், அலமாரிச் சாவி தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். இப்படியே போனால் எட்டாவது வாரத்துக்குச் சான்றிதழ் வரும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்குமா என்று சொல்ல முடியாது. பீடிக்கட்டு சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் பிளக்ஸ் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒன்று, தியாகதுருகம் கடைவீதியில் ஒன்று. அதில் மணிமொழி, கையில் அந்த உடைந்த சிகரெட்டோடு. ‘புகைத்தேன். இன்று மூச்சுக்கு ஏங்குகிறேன்.’

பள்ளிக்கூடத்தில் சுபாஷைக் கூப்பிட்டு, டீச்சர் நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். என் தங்கை அம்சவள்ளி கடைவீதிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சம்பந்தி வீட்டில் ஒரு பெரிசு, ‘அதுக்குத்தான் ஏலக்கா மென்னுகினே இருந்துச்சா’ என்று கேட்டதாம். நான் போனபோது மணிமொழி மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

“மாமா, எங்க யூகேஜி புள்ளைங்களுக்கு இப்பதான் எழுத்துக் கூட்ட வரும். பஸ்ஸுல போவச்சே அத படிச்சிருக்கும்” என்றாள், விட்டு விட்டு.

இருமி முடித்துவிட்டு மறுபடி சொன்னாள். “நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

நான் அடுத்த பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போய் டாக்டர் தீனதயாளன் அறை வாசலில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கு மேல் உள்ளே விட்டார்கள். அவர் ரொம்ப மரியாதைக்காரர். எழுந்து நின்று கும்பிட்டார். என் பேச்சைக் கடைசி வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பெரியவரே, மனசு விட்டுப் பேசறேன். உங்க பொண்ணு புகைச்சிருக்க மாட்டான்னு எனக்கும் தோணுது. ஆனா நான் நூத்துக்கணக்கான பள்ளிக்கூடத்துல பேசியிருக்கேன். புகைச்சா புற்று, புகைக்கலன்னா இல்ல. எவ்வளவு எளிமையான வாக்கியம். குழந்தைகூட மறக்காது. உங்க பொண்ணு வந்து அத கெடுக்குது. ஒரு நோயாளிக்காக வாக்கியத்த மாத்த முடியுமா? கல்லுல வெட்டியாச்சு.”

“கல்லுல வெட்டினா இன்னாங்க, அவ நெஞ்சுலயும்தான் குத்தி எடுத்தீங்க. அந்தத் துண்ட குடுங்க, நாங்க போயிடறோம்.”

“புகைக்காத பொண்ணுன்னு எழுதி அனுப்பினா, கம்பெனி என்ன கேக்கும்? அப்ப யார திருத்துனீங்கன்னு கேக்கும். யோசிங்க. அவ உங்க பொண்ணு மட்டுமில்ல, இப்ப எங்க பொண்ணு. இங்க அவ புதுசா பொறந்திருக்கா.”

அப்போதுதான் என் சட்டைப் பையைப் பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஐம்பது வருஷம் இருக்கும் என்றேன். இருமல் உண்டா என்றார். இல்லை என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தயவுசெஞ்சு நீங்க ஆரோக்கியமா இருக்கறத வெளிய சொல்லாதீங்க. மாமனும் மருமவளும் சேந்தா என் கல்ல ஒடச்சிடுவீங்க.”

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றேன். மணிமொழி பிளக்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக்ஸ். யாரோ ஒரு சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு, பின்னால் வரிசைத் தட்டுகளோடு நிற்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கள் பொண்ணு என்றாரே, அந்த வார்த்தை நெஞ்சில் இருந்தது. சரி. உன் பொண்ணு என்றால் மாமன் சீரை வாங்கு.

எங்கள் பக்கத்தில் மாமன் சீர் வந்தால் யாரும் வழி மறிக்க மாட்டார்கள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். என்ன தட்டு வருகிறது என்பதை ஒருவர் ஊர் கேட்கச் சொல்லுவார். வாங்கிக்கொண்டவர் வெறுங்கையோடு மாமனை அனுப்பக் கூடாது, எதிர்ச்சீர் வைக்க வேண்டும். இது எங்களுக்குக் கல்லில் வெட்டியதில்லை. அதனால் மாற்ற முடியாது.

மே மாசக் கடைசியில் அவர்களுக்குப் புகையில்லா நாள் விழா. கம்பெனிக்காரர்கள் வருவார்கள், டிவிக்காரர்கள் வருவார்கள். மணிமொழிக்கு மேடையில் சான்றிதழ் கொடுத்து, ‘மீண்டு வந்த மங்கை’ என்று பட்டமும் கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். எட்டு வாரம் முடியவில்லைதான். விழா தேதிக்காகத் தள்ளுபடி செய்தார்கள். துண்டுக்காகத் தள்ளுபடி இல்லை. விழா முடிந்த பிறகும் அந்த ஒரு வாரத்தைத் தனியாக உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வேடியப்பனைப் பார்க்க மலைக்குப் போனேன். ஆறு வாரமாக அவன் ஒரு பீடி தொடவில்லை. அந்தப் பயிற்சியில் புகையை விட்டவன் அவன் ஒருவன்தான். அவனுக்குச் சான்றிதழ் இல்லை; படத்துக்குச் சரிப்படவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து மிச்சமிருந்த பீடிக்கட்டுகளை இறக்கி என் முன்னால் வைத்தான்.

“சீர நீ தூக்கினு வா மாமா, நான் சொல்றேன். எனக்கு இந்த மலைலருந்து அந்த மலைக்கு கூப்ட்ட தொண்ட” என்றான்.

விழாவன்று மணிமொழியை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். டாக்டர் தீனதயாளன் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணை நாங்கள் புகையின் வாயிலிருந்து பிடுங்கினோம் என்று சொல்லும்போது வாசலில் மேளம் கேட்டது. காவலாளி தட்டுகளைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்துவிட்டான்; பெண்களுக்கு நடக்க வழியும் சொன்னான். முன்னால் நான், தலையில் உருமாலை. பின்னால் எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் இருபத்தொரு பேர், இருபத்தொரு தட்டு. பக்கத்தில் வேடியப்பன்.

அவன் தொண்டையைத் திறந்தான். “வடக்கனந்தல் வீரமுத்து, தங்கச்சி மவ மணிமொழி புகை புடிச்சி பெரியாளானதுக்கு கொண்டாற தாய்மாமன் சீரு. ஒண்ணாந்தட்டு, வெத்தல பாக்கு பழம். ரெண்டாந்தட்டு, பீடிக்கட்டு. மூணாந்தட்டு, சுருட்டு. நாலாந்தட்டு, சிகரெட்டு, பில்டர் வெச்சது. அஞ்சாந்தட்டு, மூக்குப்பொடி.”

தட்டுகள் ஒவ்வொன்றாக மேடையில் இறங்கின. நிறுவனர் படத்துக்கு முன்னால் புகையிலை குவிந்தது. கேமராக்காரர்கள் முதல் வரிசைக்கு ஓடி வந்தார்கள்.

“என்ன இது? எடுங்க இத” என்றார் டாக்டர்.

“மாமன் சீர எடுன்னு சொல்லக் கூடாதுங்க” என்றேன், அவர் முன்னாலிருந்த மைக்கை எடுத்து. “உங்க பொண்ணுன்னு சொன்னீங்க. ஊரெல்லாம் இவ புகைச்சான்னு பிளக்ஸ் வெச்சீங்க. மாமன் இது வரைக்கும் ஒரு பீடி வாங்கிக் குடுக்கலயேன்னு எனக்குக் கொற. அத தீத்துக்கினு போறேன். அவ நெஜமாவே புகைச்சவன்னா, கை நீட்டி வாங்கிக்குங்க.”

கம்பெனியிலிருந்து வந்த அம்மா எழுந்து, நோயாளிகளுக்கு இங்கே புகையிலை கொடுக்கப்படுகிறதா என்று நிதானமாகக் கேட்டது. டாக்டர் கேமராவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“இந்தப் பொண்ணு புகைச்சதே இல்ல. வாழ்க்கையில ஒரு தடவகூட புகைச்சதில்ல.”

மேடை ஓரத்திலிருந்து இசைவாணி, பழக்க தோஷத்தில், “சார், இது மறுப்பு நிலைங்க” என்றது.

முதலில் சிரித்தது வேடியப்பன். பிறகு பந்தலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இருபத்தொன்றாவது தட்டு காலியாக வந்திருந்தது. அதை டாக்டருக்கு முன்னால் நீட்டினேன்.

“எதிர்ச்சீர் வையுங்க. மாடியில மெழுகுல இருக்குது.”

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். வாங்கியது ஆண்டாள் டாக்டர். அந்தம்மா படியில் ஓடினதை நான் பார்த்தேன். திரும்பி வந்து அந்தச் சின்னப் பெட்டியைக் காலித் தட்டில் வைத்தார். அவ்வளவுதான் அது. கனமே இல்லை.

சோதனையில் மாற்றம் இருந்தது. அதற்கு இங்கிலீஷில் ஏதோ நாலு எழுத்துப் பேர். எனக்கு வாயில் நுழையவில்லை. மாத்திரை ஆரம்பித்தார்கள். இது முழுசாகக் குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன், பிடித்து நிறுத்தும், எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் ஆண்டாள் டாக்டர். அதை நான் முழுசாக நம்பினேன். ஆடி முடிவதற்குள் மணிமொழி ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினாள். நான் பீடியை விட்டுவிட்டேன். இதை அறக்கட்டளையில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இதோடு திருந்தினார்கள் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. பிளக்ஸைக் கழற்றவில்லை, மணிமொழி கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டி ஒட்டி, கீழே ‘மாதிரிப் படம்’ என்று எழுதினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பிரிவு திறந்தார்கள். பேர் ‘மரபணு விடுதலை மையம்’. பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுக் கல்: ‘புகைத்தால் புற்று. புகைக்காவிட்டால் மரபணு. இரண்டையும் விடுவோம்.’ புகைக்காமல் புற்று வந்த இளவட்டங்கள் எல்லாரும் அங்கே ஏழு வாரம் உட்கார வேண்டும். அதற்கு வேறொரு கம்பெனி.

களமருதூரிலிருந்து ஆகாஷ் என்று இருபத்து நாலு வயசுப் பையன் வந்திருந்தான். அவனிடம் இசைவாணி, உங்களுக்கு எத்தனை வருஷமாக மரபணு மாறும் பழக்கம் இருக்கிறது, குடும்பத்தில் யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டதாம். அவன் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றானாம். மறுப்பு நிலை. அவன் துண்டும் அதே அலமாரியில் இருந்தது.

மணிமொழிதான் எனக்குப் போன் செய்தாள்.

“அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் இல்லியாம் மாமா. தட்டுங்கள திருப்பிக் குடுத்துட்டியா?”

“இல்ல கண்ணு. எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்.”

“வேடியப்பன் அண்ணன கூப்டாத. இந்த வாட்டி நான் சொல்றேன்.”

அதே கேட், அதே காவலாளி, அதே மரியாதை. இந்த முறை தட்டில் புகையிலை இல்லை. மரபணுவை எங்கே போய் வாங்குவது? தட்டுக்கு ஒரு துடைப்பம், புதுசு, மஞ்சள் குங்குமம் வைத்தது. கல்லுக்குக் கீழே இறக்கினோம். டாக்டர் தீனதயாளன் மேளச் சத்தம் கேட்டதுமே படியிறங்கி ஓடி வந்துவிட்டார், கும்பிட்டபடி.

மணிமொழி இரண்டு கல்லுக்கும் நடுவில் போய் நின்றாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

“களமருதூர் ஆகாஷுக்கு, வடக்கனந்தல் வீரமுத்து கொண்டாற மாமன் சீரு. ஒண்ணாந்தட்டு, தொடப்பம். ரெண்டாந்தட்டு, தொடப்பம்.”

ஐந்தாம் தட்டு சொல்வதற்குள் டாக்டர் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். ஆண்டாள் டாக்டர் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். போதும், நிறுத்தச் சொல்லுங்கள் என்று டாக்டர் தீனதயாளன் என் காதருகே வந்து கெஞ்சினார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இருபத்தொரு தட்டையும் அவள் சொன்னாள். ஓர் இடத்திலும் மூச்சு வாங்கவில்லை.